கிண்ணியாப் பாலத்தைக் கடந்த பெட்டி

மழை விட்ட ஒரு பின்னேரம். சின்ன லொறியின் பின்தட்டில், ஒரு மரப்பெட்டியின் மேல் கையை வைத்தபடி இருந்தேன். லொறி கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் காற்று மாறியது. இடப்பக்கம் கொட்டியாரக் குடா; அதன் மறுகரை மழைமூட்டத்துக்குள் போய்விட்டிருந்தது. வலப்பக்கம் தம்பலகாமக் குடா, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. நனைந்த வீதி வானத்தைக் காட்டியதால் சக்கரங்களுக்குக் கீழேயும் மேகம் ஓடியது. இரண்டு தண்ணீருக்கும் நடுவே நாங்கள் மெல்ல மிதந்து போவதுபோல இருந்தது.

லொறியை ஓட்டியவர் நஸீர், என் பள்ளித் தோழி ரஸீனாவின் கணவர். பாலத்தின் நடுவில் வேகத்தைக் குறைத்து, யன்னலால் தலையை நீட்டினார்.

"முன்னுக்கு வந்து இரிங்களேன். பெட்டி எங்கயும் ஓடாது."

"இல்லை, நான் இதிலயே இருக்கிறன். ஆடாமப் பாத்துக்கொள்ளோணும்," என்றேன்.

பெட்டி ஆடவில்லை. கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அதை விட்டு அகல மனம் வரவில்லை.

அதற்குள் இருந்தவை யன்னல் கதவளவான பிளாஸ்ரிக் பலகைகள். கறுப்புத் தாள் சுற்றி, விளிம்பெல்லாம் நாடா ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. வேறொரு நாட்டில், நிலத்துக்கடியில், ஒரு பெரிய இயந்திரத்தின் பக்கத்தில் அவை பத்து வருடத்துக்கு மேல் இருந்தன. அவ்வளவு காலமும் அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓய்வு கொடுத்து என் ஊருக்குக் கொண்டுவந்தேன். வந்து சில நாட்களிலேயே கப்பல்துறையில் எங்கள் வீட்டிலிருந்து அவற்றைக் கிளப்பிக்கொண்டு போகவேண்டி வந்தது.

பாதை வந்து சேரும் துறை

இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள். படித்துப் போய்ச் சேர்ந்த இடம், அணுவைவிடச் சிறிய துகள்களை எதிரெதிராக ஓடவிட்டு மோதவைக்கும் ஓர் ஆய்வுக்கூடம். மோதும்போது சிதறுகிறவற்றைப் பிடித்துப் பார்க்கும் கருவிதான் உணர்கருவி. அது ஒரு மாடிக்கட்டடத்தின் அளவு. அதன் வெளிச்சுற்றில் சில பலகைகள் என் பொறுப்பில் இருந்தன.

அந்தப் பலகையின் குணம் எளிது. ஒரு துகள் அதற்குள்ளால் போனால், மிகச் சிறிய நீல வெளிச்சம் ஒன்று தோன்றி மறையும். நாம் கண் சிமிட்டும் நேரம் அதற்கு ஒரு யுகம். பலகையின் ஓரத்தில் இருக்கும் குழாய் அந்த வெளிச்சத்தைப் பிடித்து மின்சாரமாக்கிச் சொல்லும்: ஒன்று போனது. பிறகு இன்னொன்று. வெளி வெளிச்சம் புகுந்துவிடக்கூடாது என்பதற்குத்தான் அந்தக் கறுப்புத் தாள்.

பிறகு ஏன் கழற்றினார்கள் என்று கேட்பீர்கள். ரஸீனாவும் கேட்டாள். அவளுக்கு நான் அவளுடைய ஊரை வைத்தே சொன்னேன்.

பாலம் வருமுன் கிண்ணியாவுக்குப் போகப் பாதைதான். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் அந்தத் தட்டையான படகுக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். விடுமுறை முடிந்து ரஸீனா விடுதிக்குத் திரும்பும் நாட்களில் நான் இக்கரையில் காத்திருப்பேன். மீன் கூடைகள், ஆட்டுக்குட்டிகள், சைக்கிள்கள், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் அவளுடைய வெள்ளைச் சீருடையைக் கண்டுபிடித்துவிடுவேன். ஒரு பாதையிலிருந்து இறங்கும் கூட்டத்தில் ஓர் ஆளைக் கண்டுபிடிக்கலாம். ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பாதைகள் வந்து, எல்லாரும் ஒன்றாக இறங்கினால்?

இயந்திரத்தில் இனி ஓடப்போகும் துகள் கற்றைகள் அப்படிப்பட்டவை. முன்பைவிட மிகச் செறிவானவை. கற்றைகள் ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வொரு முறையும் மோதல்கள் பல மடங்காகும். யார் எந்த மோதலில் பிறந்தவர் என்று பிரித்துச் சொல்ல, பழைய கருவிகளின் கண்ணுக்கு ஏலாது. புதியவை மிக நுண்ணிய சிலிக்கன் கட்டங்களால் ஆனவை. யார் எங்கே இறங்கினார் என்பதோடு, எந்தக் கணத்தில் இறங்கினார் என்பதையும் அவற்றில் சில சொல்லும். கதிர் பட்டுப்பட்டுப் பழுதாகாமலிருக்க அவற்றைக் கடும் குளிரில் வைக்கவேண்டும். கற்றைக்கு அருகே இருந்த பழைய பிளாஸ்ரிக் துண்டுகள், பழைய சட்டைப் பொத்தான்களைப் போல மஞ்சளாகி ஒளி குன்றிவிட்டிருந்தன.

என் பலகைகள் தூரத்தில் இருந்தவை. அவை மஞ்சளாகவில்லை. ஆனால் அவற்றின் இடம் புதியவற்றுக்கு வேண்டும்.

கழற்றிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. தலையை முழுக்க அண்ணாந்து பார்க்கவேண்டிய உயரத்தில், கிணற்று வாய்போல ஒரு வட்டப் பகல். பலகைகள் பாரந்தூக்கியில் தொங்கியபடி, அந்த வட்டத்தை நோக்கி மிக மெதுவாக எழும்பிப் போயின. இயந்திரம் நின்றிருந்த அந்த நாட்களில் குகைக்குள் ஒரு கோயில் மண்டபத்தின் அமைதி இருந்தது. அத்தனை வருடத்துக்குப் பிறகு சூரிய வெளிச்சம் அவற்றின்மேல் பட்டது. கறுப்புத் தாளுக்குள் இருந்த அவற்றுக்கு அது தெரிந்திருக்காது.

கழற்றியவற்றில் பரிசோதித்துத் தேறியவற்றைச் சிறிய கல்விக்கூடங்களுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். நான் கை உயர்த்தினேன். திருகோணமலையில் பௌதிகவியல் படிப்பிக்கும் பிரதீபன் என்ற விரிவுரையாளர் முன்பே எனக்கு எழுதிக்கொண்டிருந்தார். வானத்திலிருந்து எந்த நேரமும் துகள்கள் விழுந்துகொண்டிருக்கின்றன. பலகை இருந்தால் மாணவர்கள் அவற்றை எண்ணலாம். கணவரையும் மகனையும் அங்கேயே விட்டு, சில மாத விடுப்பில் நான் முன்னே வந்தேன்; பெட்டி பின்னால் கப்பலில் வந்தது.

மஞ்சள் ஒட்டி

பெட்டி வந்தபோது மாரி தொடங்கிவிட்டது. பிரதீபனின் ஆய்வறைக்குக் கூரை பிரித்துக் கிடந்தது. "ஒரு மாசம் பொறுங்கோ மிஸ், ஓடு போட்டிடுவம்," என்றார். அதுவரை பெட்டி கப்பல்துறையில் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று நானே சொன்னேன். அண்ணன் குடும்பம் கனடாவுக்குப் போனபின் பூட்டிக் கிடந்த வீடு. யன்னலைத் திறந்தால் சீனன்குடாப் பக்கமிருந்து விமானங்களின் இரைச்சல் காற்றோடு வரும், பிறகு காடு அதை விழுங்கிவிடும்.

பெட்டியின் வெளிப்பக்கத்தில் மஞ்சள் அடையாளத்தாள், ஓர் ஒட்டி, ஒட்டப்பட்டிருந்தது. அதில் மூன்று இதழ் விசிறிபோலக் கதிரியக்கத்தின் குறி. அதன் கீழே, அளந்து பார்த்தாயிற்று, கட்டுப்பாடின்றி அனுப்பலாம் என்று ஆங்கிலத்தில் சிறிய எழுத்து. சிறிய எழுத்தை யாரும் வாசிக்கவில்லை. குறி எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பெட்டியை இறக்கிய ஆட்கள் தேத்தண்ணி குடிக்காமலே போனார்கள். பின்னேரம் கடைக்குப் போனேன். கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சீனன்குடா விமானப்படை முகாமுக்குப் போகவேண்டிய சாமான் பிழையான வீட்டில் இறங்கிவிட்டது என்று ஒரு கதை. வெளிநாட்டுக் குப்பையை எங்கள் தலையில் கொட்டுகிறார்கள் என்று இன்னொரு கதை. பின்னது எனக்கு உறைத்தது. அப்படி நடந்த ஊர்கள் உலகத்தில் இல்லாமலில்லை.

அடுத்த நாள் காலை புஷ்பம் அக்கா வந்தார்.

புஷ்பம் அக்கா எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். நான் வந்த நாளிலிருந்து ஒரு தட்டை வேலிக்கு மேலால் நீட்டாத காலை இல்லை. அன்றைக்குத் தட்டு இல்லை. கேற்றைத் திறந்து முற்றத்தில் வந்து நின்றார்.

"உள்ளுக்கு வாங்கோ அக்கா."

"இல்லைத் தங்கச்சி, இதிலயே நிண்டு கேக்கிறன். அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு?"

சொன்னேன். பிளாஸ்ரிக் பலகை, எங்கே இருந்தது, எதற்குக் கொண்டுவந்தேன், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதில அந்த நஞ்சு இல்லையோ?"

"அளந்து பாத்தவை அக்கா. நானும் பாத்தனான். கூடுதலா ஒண்டும் இல்லை."

அவர் முகத்தைப் பார்த்ததும் நான் சொன்ன விதம் பிழையாகிவிட்டது என்று தெரிந்தது.

"கூடுதலா இல்லையெண்டால், கொஞ்சம் இருக்கோ?"

"கொஞ்சம் எல்லாத்திலயும் இருக்கு. வீட்டுச் சுவரில இருக்கு. வாழைப்பழத்தில இருக்கு. எங்கட உடம்புக்குள்ளயே இருக்கு."

"நான் வாழைப்பழத்தைக் கேக்கேல்லை," என்றார் புஷ்பம் அக்கா. குரல் உயரவில்லை. "ஒண்டும் இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் போறன்."

அந்தச் சொல் நாக்கின் நுனியில் இருந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரும் நம்பியிருப்பார். ஆனால் என் வேலையில் சுழியம் என்று ஒரு அளவு கிடையாது. இதற்குக் குறைவு என்று சொல்லலாம். ஒன்றுமே இல்லை என்று சொல்லப் பழகவில்லை.

"அப்பிடிச் சொல்ல ஏலாது அக்கா. ஆபத்து இல்லையெண்டு சொல்லுறன்."

அவர் வேலிப் பக்கம் பார்த்தார். அங்கே பாதி திறந்த ஒரு யன்னல். அதற்குப் பின்னால் அவருடைய மகள் தர்ஷினி படுத்திருந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். இதற்குமுன் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. எழும்பி நடக்கவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவளுடைய கணவன் கட்டாரில். பெட்டி இருந்த அறைக்கும் அவளுடைய கட்டிலுக்கும் நடுவில் ஒரு முருங்கையும் தகரவேலியும்தான்.

"அவளை எழுப்பி வேற இடத்துக்குக் கொண்டுபோக எனக்கு ஏலாது தங்கச்சி," என்று சொல்லிவிட்டு, கேற்றைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

கூட வருகிறவர்

அவர் போன பிறகு, யூக்கலிப்டஸ் மிட்டாயின் மணம் எனக்கு நினைவுக்கு வந்தது. காரணம் இருக்கிறது.

எங்களுக்குப் பிள்ளை கிடைக்க நெடுங்காலம் எடுத்தது. கிடைத்தது ஒரு பெரிய நேரத்தில். இயந்திரம் முதல்முறையாக நீண்ட ஓய்வுக்கு நிறுத்தப்பட்டு, உணர்கருவியைத் திறக்கும் காலம். நான் பொருத்திய பலகைகள் எப்படி இருக்கின்றன என்று நேரில் பார்க்கப்போகும் நாள். அதற்காக வருடக்கணக்காகக் காத்திருந்தேன். நான்கு மாதம் வயிற்றில்.

பாதுகாப்புப் பொறுப்பில் ஒரு பெண் இருந்தார். நெடிய உருவம், நரைத்த குட்டை முடி, எப்போதும் வாயில் அந்த மிட்டாய். எனக்கு நிலத்தடி அனுமதியை நிறுத்திவிட்டார். வாதாடினேன். அளவுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். நான் போகும் இடத்தில் இருப்பது ஒரு விமானப் பயணத்தில் படுவதைவிடக் குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் பார்த்தார்.

"கணக்குச் சரி," என்றார். "உங்களைக் கேட்டால் போகிறேன் என்பீர்கள். உங்களோடு கூட வருகிறவரை நான் எப்படிக் கேட்பது?"

எனக்குக் கோபம் பல கிழமை தணியவில்லை. தரைக்கு மேலே ஒரு அறையில் இருந்து, கமராத் திரையில், வேறொருவருடைய கையுறை என் பலகையின் மூடியைத் திறப்பதைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து வயிற்றுக்குள் ஒரு சின்ன அசைவு. தண்ணீருக்கடியில் ஒரு மீன் திரும்பிப் படுத்ததுபோல. முதல் அசைவு அதுதான். திரையில் என்ன நடந்தது என்று அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அவன் இப்போது என்னைவிட உயரம்.

அந்தப் பெண்ணை அதன்பின் நான் நினைத்ததே குறைவு. கப்பல்துறை முற்றத்தில், ஈர மணலில் புஷ்பம் அக்காவின் செருப்புத் தடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்த மணம் மூக்குக்கு வந்தது.

பயமில்லை என்று சொல்வதற்குப் பயம்

பின்னேரம் நானே வேலியைச் சுற்றிப் போனேன். புஷ்பம் அக்கா குசினிக்குள் இருந்தார். கூப்பிடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. தர்ஷினியின் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். மெலிந்த முகம், பெரிய கண்கள். போர்வையின்மேல் இரண்டு கைகளையும் வயிற்றுக்கு அணையாக வைத்திருந்தாள்.

"அம்மா உங்களோட சண்டை பிடிச்சவவோ அன்ரி?"

"இல்லைப் பிள்ளை. கேட்டவ, நான் சொன்னனான்."

"எனக்கு விளங்குது. நானும் சயன்ஸ் படிச்சனான். எனக்குப் பயமில்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா பயமில்லையெண்டு சொல்லுறதுக்குப் பயமாக் கிடக்கு. பிறகு ஏதும் நடந்தா, நான் அப்பிடிச் சொன்னதாலதான் எண்டு நினைப்பன்."

விலகிக் கிடந்த போர்வையை அவள் காலுக்கு இழுத்துவிட்டு எழும்பினேன்.

வீட்டுக்கு வந்து பிரதீபனுக்குப் போன் எடுத்தேன். பெட்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்றேன்.

"மிஸ், அப்பிடிச் செய்யாதேங்கோ," என்றார். "இப்ப நீங்கள் நகர்த்தினா, அவையள் சொன்னது சரியெண்டு ஆகிடும். நாளைக்கு இதைக் கூரை போட்ட அறைக்குக் கொண்டுவந்தாலும் ஆக்கள் மறிப்பினம். என்ர பிள்ளையளுக்கு ஒரு நல்ல கருவி வந்திருக்கு. அதுவும் போயிடும்."

"நீங்கள் சொல்லுறது சரி."

"அப்ப?"

"அந்தப் பிள்ளை எழும்பி நடக்க ஏலாது. பெட்டியைத் தூக்கலாம்."

அவர், "எங்க கொண்டுபோவீங்கள்?" என்று மட்டும் கேட்டார். கோபம் குரலில் இருந்தது. அது நியாயமான கோபம். நான் செய்தது சரியா என்று அன்றைக்கு எனக்கே உறுதியில்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஏதும் ஆனால், என் பலகைகளின் தலையில்தான் அது விழும் என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது.

அடுத்த அழைப்பு ரஸீனாவுக்கு. அவர்களுக்குக் கிண்ணியாவில் நெல்லு மூட்டைகள் அடுக்கிவைக்கும் ஸ்ரோர் ஒன்று இருக்கிறது. வீடு அங்கிருந்து தூரம்.

"ரஸீனா, உன்ர ஸ்ரோரில ஒரு மூலை வேணும். ஆனா முதல்ல முழுக்கக் கேள்," என்று ஆதியிலிருந்து சொன்னேன். ஒட்டியை, சுழியத்தை, வாழைப்பழத்தை.

"வாழைப்பழத்தைப் பத்தி வயித்துப்புள்ளக்காரிட உம்மாக்கிட்டச் சொன்னியா?" என்று கேட்டாள். "நீ படிச்ச படிப்புக்கு ஒனக்கு ஒரு கத கதைக்கத் தெரியல்ல புள்ள. நாளைக்கு அவர அனுப்புறன். கொண்டு வா."

நெல்லு மணத்துக்குள்

லொறியில் பெட்டியை ஏற்றும்போது வேலிக்கு அந்தப் பக்கம் புஷ்பம் அக்கா நின்றார். கடையடியைத் தாண்டும்போது ஒருவர் சத்தமாகச் சொன்னது கேட்டது: "பாத்தியளோ, ஏதோ இருக்கப்போய்த்தானே கொண்டோடுறா." பிரதீபன் சொன்னபடிதான் நடந்தது. பாலத்தின்மேல், இரண்டு குடாக்களுக்கு நடுவில், நான் பெட்டியில் கை வைத்தபடி இருந்தது அந்தக் குரல் காதுக்குள் இருந்த நேரத்தில்தான். ஈரக்காற்று அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனது.

ஸ்ரோருக்குள் கூரைவரை நெல்லு மூட்டைகள். ஓட்டுக்கு நடுவில் பதித்திருந்த ஒரு கண்ணாடியால் வெளிச்சம் ஒரு தூணாக இறங்கியது. அதற்குள் உமித்தூசி மிதந்தது. அங்கே எவ்வளவு நேரம் இருந்தாலும் நேரம் போவதே தெரியாது. பிரதீபன் முதல் நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார். வயர்களைக் கையில் எடுத்ததும் மறந்துவிட்டார். எண்ணிக் கேட்க வசதியாக, இரண்டு பலகைகளின் உள்ளங்கையளவு மூலைகள் மட்டும் ஒன்றுக்கு மேல் ஒன்று வரும்படி, இடைவெளி விட்டு வைத்தோம். இரண்டும் ஒரே கணத்தில் கண் சிமிட்டினால், மேலிருந்து ஏதோ ஒன்று இரண்டுக்குள்ளாலும் போயிருக்கிறது என்று பொருள். சின்ன ஒலிபெருக்கி ஒன்றைப் பொருத்தினார்.

டிக். டிக் டிக். கொஞ்சம் மௌனம். டிக்.

மழை நின்றபின் ஓட்டு விளிம்பில் சொட்டுவதைப்போல, ஒழுங்கில்லாத ஒழுங்கு. மாடிக்கட்டடத்தளவு கருவிக்குள் இந்தப் பலகைகள் பேசியது எனக்கு எண்களாகத்தான் வரும். குரலாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

ரஸீனா தேத்தண்ணியோடு வந்தாள். ஒவ்வொரு துகளும் வானத்தின் உச்சியில் பிறந்து, கூரையைக் கடந்து, மூட்டைகளைக் கடந்து, எங்களைக் கடந்து போகிறது என்றேன். விரித்த உள்ளங்கையில் நொடிக்கு ஒன்றோ இரண்டோ விழும் என்றேன். அவள் தட்டை வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பலகைக்குப் பக்கத்தில் சாக்கின்மேல் மல்லாந்து படுத்துவிட்டாள்.

"இப்ப எனக்குள்ளாலயும் போகுதா?"

"ஓம்."

"பொறந்த நாள்ள இருந்தா?"

"அதுக்கு முன்னமிருந்து."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே கிடந்தாள். "சோக்கா இரிக்கி," என்றாள். பிறகு தூங்கிவிட்டாள். பிரதீபனும் நானும் சத்தத்தைக் குறைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம்.

கண்ணாடிக்குப் பின்னால்

ஒரு மாதம் போயிருக்கும். தர்ஷினிக்கு நாள் முந்தி வலி வந்து, திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆண்பிள்ளை. உயிர் இருக்கிறது. குறைமாதம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

நான் போகவில்லை. ஊருக்குள் என்ன கதை ஓடும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாயும் மகளும் இருக்கும் நிலையில் என் முகத்தைக் கொண்டுபோய்க் காட்டுவது கொடுமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் போன் வந்தது.

"தங்கச்சி, ஏன் நீங்கள் வரேல்லை?" புஷ்பம் அக்கா.

"வந்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமோ எண்டு..."

"வாங்கோ."

அன்று பின்னேரமே போனேன். வராந்தாவில் கப்பல்துறைப் பெண்கள் இருவர் சாப்பாட்டுப் பையோடு இருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவர், "பெட்டிக்காரி வாறா," என்று மற்றவருக்குச் சொன்னார். எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னதுபோல இருந்தது.

புஷ்பம் அக்கா திரும்பினார். "பெட்டி போய் ஒரு மாசத்துக்குப் பிறகுதான் இவளுக்கு வலி வந்தது. நான் கேட்டனான், அவ மறுகதை இல்லாமக் கொண்டுபோனவ. இனி ஒருத்தரும் அந்தக் கதை கதைக்கவேண்டாம்." இடியப்பத் தட்டு எண்ணிக் கொடுக்கும் அதே சாதாரணக் குரல். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் முன்கையளவு ஒரு பிள்ளை. தொப்பி கண்வரை இறங்கியிருந்தது. மார்பில் மெல்லிய வயர்கள். தலைமாட்டில் ஒரு திரை. அதில் இதயத்தின் கோடு ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. தர்ஷினி உள்ளே தாய்மார் வாட்டில் படுத்திருந்தாள். இங்கே இரவும் பகலும் நின்றது புஷ்பம் அக்காதான். கண்கள் இரத்தமாய்ச் சிவந்திருந்தன.

"எல்லாரும் நல்லா இருக்கெண்டுதான் சொல்லுகினம்," என்றார். "எல்லாத் தாய்மாருக்கும் அப்பிடித்தான் சொல்லுவினம். நீங்கள் சும்மா ஆறுதலுக்கு ஒரு சொல்லுச் சொல்லமாட்டீங்கள். அண்டைக்கு முற்றத்தில எனக்கு அது தெரிஞ்சுது. அதாலதான் கூப்பிட்டனான். இந்தக் கோடு என்ன சொல்லுது?"

நான் டொக்டர் இல்லை. அந்தத் திரையில் பாதி எண்கள் எனக்கு விளங்காது. அதையும் சொன்னேன். பிறகு கண்ணாடிக்குக் கிட்டப் போய், நேரம் எடுத்து, ஒரு புதுக் கருவியை முதன்முதலில் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

"எல்லாம் எனக்குத் தெரியாது அக்கா. தெரிஞ்சதைச் சொல்லுறன். இந்தக் கோடு ஒரே அளவா வருது. நான் பாத்த நேரத்தில ஒண்டும் தவறேல்லை."

"தவறினா உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம். அது தெரியும்."

"அப்ப கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ," என்றார் புஷ்பம் அக்கா. சுவரோரம் கிடந்த நீண்ட மர வாங்கில் போய் அமர்ந்தார். தலை சாய்ந்தது. இரண்டு மூச்சுக்குள் தூங்கிவிட்டார்.

அந்தப் பிள்ளை பிறகு வீட்டுக்குப் போனான். நான் வெளிநாடு திரும்பி, புதிய சிலிக்கன் தட்டுகளைக் குளிரில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்த நாட்களில், அவன் தவழும் படத்தைத் தர்ஷினி அனுப்பினாள். பிரதீபனின் அறைக்குக் கூரை வந்தது. பலகைகளும் போய்ச் சேர்ந்தன. சிலர் மறிக்கத்தான் வந்தார்கள், அவர் மாணவர்களையே கதைக்கவிட்டுச் சமாளித்தார். ஆனால் அந்தப் பின்னேரத்தில் இது ஒன்றும் எனக்குத் தெரியாது. ஒரு கோடு வந்துகொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது போலிருந்தது. வராந்தா வெறுமையானது. ஒரு நேர்ஸ் வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை?"

"பக்கத்து வீடு," என்றேன்.

அவர் வாங்கில் தூங்கிக்கொண்டிருந்த புஷ்பம் அக்காவைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் போய், எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து வைத்தார்.